கோபிப் பாலையில் ஒரு முள்வேலி

மங்கோலியாவுக்குக் காட்டுயிர் பார்க்கப் போன எங்கள் சிறு குழுவில் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. ஊர் திரும்பி வெகுநாளான பிறகும் அது எனக்குள் அடங்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற பொறியாளர். பாதி வாழ்நாளை விலங்குகளையும் பறவைகளையும் தேடி அலைவதில் கழித்தவர். கோபிப் பாலையின் கிழக்கோரத்தில், ஒரு மதிய வேளையில், அவர் வழிகாட்டியிடம் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். விலங்கு பார்க்கத்தானே பணம் கட்டினோம், ரயில் பாதையோர வேலியைக் காட்டுவதற்கு அரை நாளை ஏன் செலவழிக்கிறீர்கள், வேலி எங்கள் குடியிருப்பைச் சுற்றியே இருக்கிறதே என்றார். குழுவில் பாதிப்பேர் சிரித்தார்கள். வழிகாட்டி சூழலியல் படித்தவர்; காட்டுக் கழுதைக் கணக்கெடுப்புகளில் வேலை செய்தவர். அவர் கோபப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போனபின் நீங்கள் எதைப் பார்க்கப் போவதில்லையோ அதை இங்கேயே காட்டிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நண்பரின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அவ்வளவு தூரம் போகிறவர்களின் நேரமும் பணமும் எண்ணி வைத்தவை. வேலியின் படத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். காட்டுக் கழுதைக் கூட்டம் புழுதி கிளப்பி ஓடுவதை அங்கே போய்த்தான் பார்க்க முடியும். இந்த வாதத்தை நான் அன்றைக்கே மறுத்தேன். ஆனால் மறுப்பதற்குப் போதுமான காரணங்கள் என்னிடம் அன்று இல்லை. பிற்பாடு ஒவ்வொன்றாகத்தான் வந்து சேர்ந்தன.

பயணத்தின் தொடக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். தலைநகர் உலான்பாத்தரிலிருந்து தென்கிழக்கே இறங்கினால் முதலில் புல்வெளி, பிறகு புல் மெலிந்து மெலிந்து சரளைக்கல் தரை, அதன்பின் டோர்னோகோவி மாகாணத்தின் பாலை. இடையில் இக் நார்ட் என்னும் பாறைக்காடு இருக்கிறது. 1996 இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். உலகின் மிகப் பெரிய காட்டுச் செம்மறியான ஆர்கலியை அங்கே நிதானமாகப் பார்க்க முடிந்தது. சுருண்ட கொம்புகளின் பாரத்தைத் தலையில் தாங்கி, பாறை முகட்டில் நின்றபடி அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கு கூடு கட்டும் சினேரியஸ் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு ஆய்வாளர்கள் சிறகில் அடையாள அட்டை கட்டுகிறார்கள். அப்படி அட்டை கட்டிய இளம் பறவைகள் குளிர்காலத்தில் தென்கொரியாவில் தென்பட்டிருக்கின்றன. பறவைக்கு எல்லை இல்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதிக் கடந்துவிடத் தோன்றும். ஆனால் என் தலைவலி பறக்க முடியாதவற்றைப் பற்றியது.

குலான்

குலான் என்று மங்கோலியர் அழைக்கும் காட்டுக் கழுதையைக் குஜராத்தின் சின்ன ரண் பகுதிக்குப் போனவர்கள் வேறு வடிவில் பார்த்திருப்பார்கள். இரண்டும் ஒரே இனத்தின் இரு கிளைகள். மணல் நிற முதுகு, வெளுத்த வயிறு, முதுகுத்தண்டின் நெடுக ஓடும் ஒரு கரிய பட்டை. கட்ச் பகுதியில் 2024 இல் எடுத்த கணக்கெடுப்பு 7,672 என்றது. தெற்கு மங்கோலியக் கோபியில் சுமார் பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்புகளே 40,000 அளவில் சொன்னவை. உலகில் எஞ்சியிருக்கும் ஆசியக் காட்டுக் கழுதைகளில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு நிலத்தில்தான் வாழ்கிறது. எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் அவற்றைக் காண்பது எளிதில்லை. எங்கள் ஓட்டுநர் ஒவ்வொரு மேட்டின் அடியிலும் வண்டியை நிறுத்தி, தான் மட்டும் நடந்து மேலே போய், இருநோக்கியால் அடிவானத்தைத் துழாவிவிட்டு வருவார். பெரும்பாலும் தலையை ஆட்டிக்கொண்டே இறங்குவார்.

கண்டபோது அவை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தன. கானலில் கால்கள் கரைந்து, வெறும் முதுகுகள் மட்டும் மிதப்பது போல் தெரிந்தன. எங்கள் வண்டி நின்றதும் அவை தலை தூக்கின; வண்டிக் கதவு திறந்ததும் ஓடின. அவ்வளவு தொலைவிலேயே ஓடுவானேன் என்றால், அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1920களில் கோபிக்கு வந்த அமெரிக்க ஆய்வுப் பயணத் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ், காட்டுக் கழுதைகளை மோட்டார் காரில் துரத்தி அவற்றின் வேகத்தை அளந்தார். அன்று அது அறிவியல். 1953 முதல் வேட்டைக்குத் தடை இருந்தும், பிற்காலத்தில் வண்டியும் துப்பாக்கியுமாக இறைச்சிக்காகத் துரத்தியவர்கள் குறையவில்லை. ஆக, வண்டி என்றால் என்னவென்று அந்த விலங்குக்குத் தெரியும். வழிகாட்டி எங்களை அதற்கு மேல் நெருங்கவிடவில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நீரில்லாத தரையில் ஓடவைத்து ஒரு படம் எடுப்பதற்கு அந்த விலங்கு கொடுக்கும் விலை அதிகம் என்பது அவர் கட்சி. இதில் பெங்களூர் நண்பருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

ஓடிய கூட்டத்தைவிட, அவை விட்டுப்போன இடம் எங்களை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது. வறண்ட ஓடைப்படுகையில் முழங்கை ஆழத்துக்கும் மேலாகக் குழிகள். குலான்கள் முன்னங்கால் குளம்பால் மணலைத் தோண்டி, அடியில் ஊறும் நீரைக் குடிக்கும். அவை போனபின் மற்ற விலங்குகளும் பறவைகளும் அந்த ஊற்றுக்கு வரும். ஒரு குழியின் விளிம்பில் நரியின் காலடியும், மணற்கோழி போன்ற ஏதோ பறவையின் கோடுகளும், இன்னதென்று வழிகாட்டியாலும் சொல்ல முடியாத சில கீறல்களும் இருந்தன. தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்த ஒரு விலங்கு அங்கே இல்லாமல் போனால் இன்னும் எத்தனை உயிர்கள் தாகத்தில் தவிக்கும் என்பதைப் பாடநூல் சொல்வதைவிட அந்தக் குழி தெளிவாகச் சொல்லிற்று.

கோபியில் ஆண்டு மழை பல இடங்களில் 150 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. அதுவும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும், அடுத்த பள்ளத்தாக்கு அந்த ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும். சென்ற ஆண்டு புல் இருந்த இடத்தில் இந்த ஆண்டும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. எனவே தேடிப் போவது ஒன்றுதான் வழி. நீண்ட நிலப்பயணம் செய்யும் விலங்குகளைப் பற்றி 2019 இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று, ஒரே ஆண்டில் 7,247 கிலோமீட்டர் நடந்த மங்கோலிய ஓநாய் ஒன்றையும் 6,145 கிலோமீட்டர் நடந்த குலான் ஒன்றையும் பதிவு செய்திருக்கிறது. தனியொரு குலான் புழங்கும் பரப்பு 70,000 சதுரக் கிலோமீட்டர் வரை விரிவதைச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டைகள் காட்டியிருக்கின்றன. அது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். அதைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று திரும்பப் பார்த்தேன்.

வேலியோரம்

இப்போது வேலிக்கு வருகிறேன். ரஷ்ய எல்லையிலிருந்து உலான்பாத்தர் வரையிலான இருப்புப்பாதை 1949 இல் வந்தது. அங்கிருந்து கோபியைக் குறுக்காக வெட்டிச் சீன எல்லையிலுள்ள ஜாமின்-ஊத் வரை 1955 இல் நீண்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மாஸ்கோவும் பெய்ஜிங்கும் இவ்வழியே இணைந்தன. மங்கோலியாவுக்குள் அதன் நீளம் சுமார் 1,100 கிலோமீட்டர். பாதையின் இரு மருங்கிலும் முள்கம்பி வேலி ஓடுகிறது. வேலிக்கு மேற்கே குலான்கள் வாழும் கோபி. கிழக்கே, சில மணி நேர ஓட்டத் தொலைவில், உலகின் மிகப் பெரிய சேதப்படாத புல்வெளிகளில் ஒன்று. ஒரு காலத்தில் குலான்கள் அந்தப் புல்வெளியிலும் மேய்ந்தன. வேலி வந்தபின் கிழக்குப் பக்கத்தில் அவை இல்லாமல் போயின.

சைன்ஷாந்த் நகருக்குச் சற்று விலகிய ஓரிடத்தில் வண்டியிலிருந்து இறங்கி வேலியை ஒட்டி நடந்தோம். பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை. ஆள் நெஞ்சளவு உயரம், துருவேறிய கம்பிகள், இடையிடையே சாய்ந்த தூண்கள். சிறு பிள்ளைகூடக் குனிந்து நுழைந்துவிடும். ஆனால் குலான் தாண்டாது, நுழையவும் நுழையாது. ட்செரென் எனப்படும் மங்கோலிய மறிமான் அடிக்கம்பிக்குக் கீழே தவழ்ந்து போகப் பார்க்கும். கம்பி தாழ்வாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். வேலியோரமாகச் செத்துக்கிடக்கும் மான்களைப் பற்றியும், வேலியால் துண்டாடப்பட்ட வாழிடத்தைப் பற்றியும் ஜப்பானிய, மங்கோலிய ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கம் முதலே எழுதி வருகிறார்கள். நாங்கள் நடந்த தொலைவில் அவர்கள் சொன்னதற்குச் சாட்சி இருந்தது: வேலிக்கு இணையாக, ஒரே அகலத்தில், புல் முளைக்காமல் மிதிபட்ட ஒரு ஒற்றையடிப் பாதை. மனிதர் போட்டதல்ல. குறுக்கே போக வந்த விலங்குகள் வழி கிடைக்காமல் வேலியோரமாகவே நடந்து நடந்து போட்ட பாதை. பழைய எலும்புகளும் இருந்தன. எந்த விலங்கினுடையவை என்று நான் கேட்கவில்லை.

அங்கே நின்றிருந்தபோது தண்டவாளத்தின் மீது நடந்துவந்த ரயில்வே தொழிலாளி ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். நம் ஊரில் கேங்மேன் என்போமே, அந்த வேலை. வழிகாட்டி அவருக்கு வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். எங்களுக்காக இடையிடையே மொழிபெயர்த்தார். வேலியைப் பிரித்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அந்த மனிதர் சிரிக்காமல், கோபப்படாமல் பதில் சொன்னார். ஒட்டகமும் குதிரையும் மாடும் தண்டவாளத்தில் ஏறினால் ரயில் நிற்காது. அடிபட்ட கால்நடைக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் ரயில்வேக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் ஓயாத சண்டை வரும். தன் தம்பியின் மந்தையே இந்தப் பாதைக்கு அருகில்தான் மேய்கிறது. காட்டுக் கழுதைக்காக வருத்தப்படுபவர்கள் தம்பியின் ஒட்டகத்துக்காகவும் வருத்தப்பட வேண்டும். வழிகாட்டி அதை மறுக்கவில்லை. அடிக்கம்பியை உயர்த்தினால் மான் தவழ்ந்து போகும், ஒட்டகம் போகாது; ஆனால் குலானுக்கு அது போதாது, அதற்குக் கம்பியே இல்லாத திறப்பு வேண்டும், திறப்பு வந்தால் உன் தம்பியின் ஒட்டகமும் வரும், இதற்கு என்னிடம் முழு விடை இல்லை என்றார். இருவரும் எங்களை மறந்துவிட்டு மங்கோலிய மொழியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் எங்கள் ஓட்டுநரிடம் ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு தன் வழியே போனார்.

அந்த வேலிக்குத் தீயவர் என்று யாருமில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. கால்நடைகளைக் காப்பதற்காகப் போட்ட வேலி அது. அந்த வேலையை அது ஓரளவு செய்தும் இருக்கிறது. கோவைக்கு அருகே மதுக்கரை–வாளையார் இருப்புப்பாதையில் யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்த செய்திகளைப் படித்தே வளர்ந்த நமக்கு, ரயிலுக்கும் விலங்குக்கும் இடையில் தடுப்பு இல்லாததுதான் குற்றம் என்று தோன்றும். இங்கே தடுப்பே கொல்கிறது.

வழித்தடம் எங்கே?

அன்று மாலை கெர் கூடாரத்தில் உப்புப் போட்ட பால் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது, வழிகாட்டி மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட குலான்களின் நடமாட்டம், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நிறத்தில். யானை வழித்தடம் என்ற சொல் புழங்கும் ஊரிலிருந்து போனவன் என்பதால் நான் இயல்பாகக் கேட்டேன்: இதில் வழித்தடம் எங்கே இருக்கிறது? எந்த இடத்தில் வேலியைத் திறந்தால் போதும்? அவர் பதில் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். தடம் என்று சுட்டிக்காட்ட எதுவும் அதில் இல்லை. சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கோடுகள் எங்கும் போய், எங்கும் திரும்பி, ஒன்றின்மேல் ஒன்று கிறுக்கிக் கிடந்தன. ஒரே விலங்கின் இரண்டு ஆண்டுக் கோடுகள்கூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒழுங்காக இருந்தது. கிழக்கே எல்லாக் கோடுகளும் ஒரு நேர்கோட்டில் முட்டி நின்றன. அந்த நேர்கோட்டைப் படத்தில் யாரும் வரையவில்லை. கோடுகள் நின்ற இடங்களே அதை வரைந்திருந்தன. இருப்புப்பாதை அது. தெற்கே இன்னொரு ஓரம் இதே போல் வெட்டுப்பட்டிருந்தது. அது சீன எல்லை வேலி.

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான் என்றால் அது இந்த வரைபடத்தில் இருந்தது. யானை தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில் போகும். ஆகவே அந்த வழியை வாங்கி, மீட்டு, சட்டத்தால் காக்க முடியும். அது கடினம், நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது, ஆனாலும் காக்கவேண்டிய இடம் எதுவென்று சொல்லிவிடலாம். குலானும் ட்செரெனும் அப்படி வலசை போவதில்லை. மழை பெய்த இடத்தைத் தேடி அலைகின்றன. அடுத்த ஆண்டு எங்கே போகும் என்று அவற்றுக்கே தெரியாது. எனவே காக்கவேண்டிய இடம் என்று ஒரு பட்டையைக் குறித்துக் கொடுக்க முடியாது. மொத்த நிலமும் ஊடுருவக்கூடியதாக இருந்தாக வேண்டும். நாம் காப்பகம் என்று சொல்லிப் பழகியது எல்லையிட்ட ஒரு துண்டு நிலத்தை. இந்த விலங்குகளுக்கு எல்லையிட்ட எந்தத் துண்டும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு வறட்சி ஆண்டில் பட்டினிதான்.

இதனால்தான் வேலியில் திறக்கப்பட்ட ஓர் இடைவெளியைப் பற்றி வழிகாட்டி மகிழ்ச்சியும் எரிச்சலும் கலந்த குரலில் பேசினார். ரயில்வே நிர்வாகத்தின் ஒப்புதலோடு, காட்டுயிர்ப் பாதுகாப்புக் கழகத்தின் மங்கோலியக் கிளை முயற்சியெடுத்து, கோபியில் ஒரு பகுதியில் கம்பிகளை நீக்கிப் பார்த்தார்கள். 2020 இல் ஒரு குலான் அதன் வழியே கிழக்கே கடந்தது. ஏறத்தாழ 65 ஆண்டுகளில் கிழக்குப் புல்வெளியில் பதிவான முதல் குலான். செய்தி உலகெங்கும் போயிற்று. போகவேண்டிய செய்திதான். ஆனால் 1,100 கிலோமீட்டர்ச் சுவரில் ஒரு வாசல் வைத்துவிட்டு, எங்கே போவோம் என்று அறியாத விலங்கு சரியாக அந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் சரி என்பதே அவர் எரிச்சலின் காரணம்.

கிழக்குப் பக்கம்

தண்டவாளத்தைக் கடந்து சுக்பாத்தர் மாகாணத்துக்குள் போனதும் தரை வேறாகிவிடுகிறது. மரமில்லை, பாறையில்லை, கண் பிடித்து நிற்பதற்கு ஒன்றுமில்லை. முதல் நாளில் சிலருக்கு அது மனத்தை அழுத்தியது. எனக்குப் பசி அதிகமானது, காரணம் தெரியவில்லை. இந்தப் புல்வெளியில் ட்செரென்கள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அவை நகரும்போது மேகநிழல் நகர்வதாகவே முதலில் நினைக்கத் தோன்றும். ஒரு பெண் மான் ஐந்து ஆண்டுகளில் 18,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்ததை ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை வழியே பின்தொடர்ந்திருக்கிறார்கள். பெங்களூர் நண்பர் அன்று மிக மகிழ்ச்சியாக இருந்தார். நானும்தான். ஆனால் மேற்கே பார்த்த முதுகுகள் இங்கே ஒன்றுகூட இல்லை. புல் உண்டு, நீர் உண்டு, துரத்த ஆள் குறைவு. குலான் மட்டும் இல்லை. வழிகாட்டி முன்பு சொன்ன, பார்க்கப் போவதில்லை என்ற அந்த ஒன்று இதுதான். வேலியில் அரை நாள் நிற்காமல் வந்திருந்தால் இந்த இன்மை எங்கள் கண்ணில் பட்டிருக்காது. பத்து லட்சம் மான்களில் திளைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்போம்.

நாங்கள் தங்கிய மேய்ச்சல் குடும்பத்தின் பெரியவர் 2023–24 குளிர்காலத்தைப் பற்றிப் பேசினார். கடும்பனியும் பனிக்கட்டியும் புல்லை மூடி, கால்நடைகள் நின்ற நிலையிலேயே பட்டினியில் சாகும் அந்தப் பேரிடரை அவர்கள் ட்ஸூட் என்கிறார்கள். அந்த ஒரு குளிர்காலத்தில் நாடு முழுவதும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ட்ஸூட் வரும் அறிகுறி தெரிந்ததும் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: மந்தையை ஓட்டிக்கொண்டு புல் இருக்கும் இடத்துக்குப் போவது. இன்னொரு மாவட்டமோ, இன்னொரு மாகாணமோ, அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு தங்குவது. போக முடிந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். அவர் இதைச் சொல்லச் சொல்ல, முந்தைய நாட்களில் திரையில் பார்த்த வண்ணக் கிறுக்கல்தான் எனக்குத் தெரிந்தது. மனிதரும் குலானும் அந்த நிலத்தில் பிழைத்திருக்கும் முறை ஒன்றே. மங்கோலியாவின் 1992 அரசியலமைப்புச் சட்டம் மேய்ச்சல் நிலத்தைத் தனியார் உடைமையாக்க இடம் தரவில்லை. அதனால்தான் தண்டவாளத்தை விட்டால் நாள் முழுவதும் ஓட்டினாலும் வேலி கண்ணில் படுவதில்லை. ஆளரவமற்ற இயற்கை என்று பயணச் சிற்றேடுகள் விற்கும் அந்த வெளி, உண்மையில் ஒரு சட்டப்பிரிவின் பலத்திலும், புல்லுக்கு வந்த அயலானைத் துரத்தாத ஒரு வழக்கத்தின் பலத்திலும் திறந்து கிடக்கிறது.

இதை எழுதும்போது மேய்ச்சல்காரர்களைப் புனிதர்களாக்கும் ஆசை வருகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 1990க்குப் பிறகு மந்தைகள் தனியார் கைக்கு வந்ததும் காஷ்மீர் எனப்படும் மென்கம்பளிக்காக ஆடுகள் பெருகின. அதற்கு முன் 50 லட்சம் அளவில் இருந்த வெள்ளாடுகள் 2019 இல் 290 லட்சத்தை எட்டின. அவை தின்னும் புல் குலானும் மானும் தின்னும் புல்தான். உலான்பாத்தர் கடைகளில் எங்கள் குழுவினர் ஆளுக்கொரு காஷ்மீர் கழுத்துத்துணி வாங்கினார்கள். நானும் வாங்கினேன், நல்ல சாம்பல் நிறம். வழிகாட்டியும் ஒன்று அணிந்திருந்தார்.

அதைவிடச் சிக்கலானது சுரங்கங்களின் கதை. தெற்குக் கோபியில் ஓயு தொல்கோய் செப்புச் சுரங்கமும் தவான் தொல்கோய் நிலக்கரிச் சுரங்கமும் குலான் நாட்டின் நடுவே இருக்கின்றன. நிலக்கரி லாரிகள் சீன எல்லை நோக்கி வரிசை கட்டும் சாலையை விலங்குகள் கடப்பது அரிது. 2022 இல் தவான் தொல்கோயிலிருந்து எல்லைக்கு 233 கிலோமீட்டர் இருப்புப்பாதை ஒன்றும், கிழக்கே ஸூன்பயான் நோக்கி 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இன்னொன்றும் திறக்கப்பட்டன. வரைபடத்தில் கோடுகள் முட்டி நிற்கும் ஓரங்கள் இனி எத்தனை ஆகும் என்பதை இந்தப் புதிய பாதைகளில் விலங்குகளுக்கு எப்படி வழி விடுகிறார்கள் என்பதே முடிவு செய்யும். மறுபுறம், குலான்களைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் கணிசமான பகுதி, ஓயு தொல்கோய் சுரங்கம் தான் செய்யும் சேதத்துக்கு ஈடாகச் செலவிடும் பணத்தில் நடந்த கணக்கெடுப்புகளால் தெரிய வந்தது. சேதம் செய்பவர் பணத்தில் சேதத்தை அளப்பது குறித்து வழிகாட்டிக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அளக்காமல் விடுவதைவிட இது மேல் என்றார். எனக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் அங்கே வாழ்ந்து அந்த வேலையைச் செய்கிறவர் அவர்.

பெங்களூர் நண்பரோடு இன்னும் இதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் கட்சியில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். விலங்கைக் கண்ணாரக் கண்ட பிறகுதான் வேலி மீது எரிச்சல் வருகிறது; வேலியை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அந்த மிதக்கும் முதுகுகளை முந்தைய நாள் பார்த்திராவிட்டால், வேலியோர ஒற்றையடிப் பாதை எனக்கும் வெறும் புழுதியாகவே இருந்திருக்கும். ஆனால் பார்த்த இனங்களின் பட்டியலோடு அவர் நிறுத்திக்கொள்ளும் இடத்தில் நான் பிரிகிறேன். ஓரிடத்தில் ஒரு விலங்கு ஏன் இருக்கிறது, அடுத்த இடத்தில் ஏன் இல்லை என்பதைக் காட்டாத வழிகாட்டி, என்னைப் பொறுத்தவரை, பாதி வேலையைத்தான் செய்கிறார். அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் மனிதர் போட்ட ஏதோ ஒரு கம்பியிலோ, சட்டத்திலோ, கடையிலோ இருக்கிறது என்பதால் அது காட்டுயிர்ப் பயணத்துக்கு வெளியே நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ட்செரென்கள் கூட்டமாகக் குட்டி போடுவது ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும். அப்போது அவற்றைக் கலைப்பது பாவம், ஆகவே செப்டம்பர் நல்லது. வெயில் தணிந்திருக்கும், இரவுக் குளிர் தாங்கும்படி இருக்கும். சைன்ஷாந்த் வரை உலான்பாத்தரிலிருந்து ரயிலிலேயே போகலாம். பகல் வண்டியானால் சன்னலோரம் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டே போகலாம். புல்வெளியில் வண்டித்தடம் ஒன்று பள்ளமானதும் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டு, அப்படியே பத்துத் தடங்கள் இணையாக ஓடும் இடங்களைக் காண்பீர்கள். பழைய தடத்திலேயே ஓட்டும் ஓட்டுநர் கிடைத்தால் அவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டுமுன் இருப்புப்பாதையின் இரு பக்கமும் கூட்டிப் போவீர்களா என்று கேளுங்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டால், வேறு ஆளைத் தேடுங்கள்.